ஐப்பசியில் வந்த நாற்றம்: ஒரு டெல்டா நகரின் குடிநீரும் பாதாள சாக்கடையும்

காவிரி டெல்டாவில் ஒரு நடுத்தர நகரம். ஊர் பெயரையும் நகராட்சியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஐப்பசி மழை பிடித்த பிறகு, கோயிலுக்குக் கிழக்கே தாழ்வாக இருக்கும் சில தெருக்களில் குடிநீர் நாற்றமடிக்கத் தொடங்கியது. வயிற்றுப்போக்கு என்று நகர்ப்புற சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தத் தெருக்காரர்கள். அப்போது பொறியியல் பிரிவில் இருந்து இந்தப் புகாரின் பின்னால் போனவர்களில் நானும் ஒருவன். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம் என்பதை இதே வேலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். குடிநீரை ஒரு கையும் கழிவுநீரை இன்னொரு கையும் நடத்துகிற ஊர்களில் இது மறுபடி மறுபடி நடக்கக்கூடிய விஷயம்.

முதலில் ஊரின் தண்ணீர். டெல்டாவின் பல நகரங்களைப் போல இங்கும் கொள்ளிடம்தான் ஆதாரம். காவிரியின் வெள்ளத்தை வாங்கி ஓடுகிற ஆறு அது. அகலமும் அதிகம், மணலும் அதிகம். மணலுக்குள் இறக்கிய கிணறுகளில் ஊறும் தண்ணீர் ஏற்கனவே வடிகட்டியதாக வருகிறது. அதை மோட்டார் வைத்து ஊருக்குக் கொண்டுவந்து, தரைத் தொட்டியில் குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, வார்டு வாரியாக வால்வு திறந்து விடுகிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் சில மணி நேரம். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வடிவமைப்புக் கையேடு சொல்லும் அளவு. எத்தனை லிட்டர் கொடுத்தாலும், நாள் முழுக்கக் குழாயில் அழுத்தம் இல்லையென்றால் இந்தக் கதைக்கு வழி திறந்துதான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது சாக்கடை. வெளியூர்க்காரர்களுக்கு டெல்டாவின் சிரமம் சட்டென்று புரிவதில்லை. கழிவுநீர் சரிவில் ஓட வேண்டும். கசடு படியாமல் இருக்க நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும், 150 மி.மீ. குழாய்க்கு அந்த வேகம் கிடைக்க, ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 மீட்டர் சரிவு கொடுக்க வேண்டும். நம் நிலம் அப்படிச் சரியாது. உதாரணத்துக்கு, கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிழக்கே கடல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர்தான் இறக்கம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் தரையிலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் ஆழத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு மேல் தோண்டினால் ஊற்றுதான். அதனால் ஆங்காங்கே ஒரு கிணறு கட்டி, கழிவுநீரை அதில் சேர்த்து, பம்ப் வைத்து மேலே தூக்கி, அடுத்த சரிவில் விட வேண்டியிருக்கிறது. அந்தப் பம்ப் நின்றால் கழிவுநீருக்குப் போக இடமில்லை. குழாயில் பின்வாங்கி, தாழ்வான மேன்ஹோலில் பொங்கும்.

இதோடு நிலத்தடி நீரும் சேர்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். நீர் இருப்பைப் பொறுத்து மாறும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. எப்போது திறந்தாலும், ஆறும் வாய்க்காலும் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஊர்க் கிணறுகளில் மட்டம் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிட்டால், சித்திரையில் காய்ந்த மண்ணில் கிடந்த சாக்கடைக் குழாய் இப்போது தண்ணீருக்குள் கிடக்கும். மேன்ஹோலின் செங்கல் சுவரில் எங்கே சிமெண்ட் பூச்சு விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் ஊற்று உள்ளே வரும். போதாக்குறைக்கு, மொட்டை மாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியோடு இணைத்துவிட்ட வீடுகள் ஏராளம். வாசலில் தண்ணீர் தேங்கக்கூடாது என்று செய்கிறார்கள். அந்த மழை முழுவதும் பம்பின் தலையில் இறங்குகிறது.

யார் எதைப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். குடிநீர் வால்வுகள் நகராட்சியின் சொந்த ஆட்கள் கையில். கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன் ஒப்பந்ததாரரிடம். தெருவில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பது சுகாதாரப் பிரிவு. மூன்று பேரும் மூன்று நோட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நோட்டும் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது.

முதல் புகார் வந்ததும் எல்லா ஊரிலும் செய்வதைச் செய்தோம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவினோம். பிளீச்சிங் பவுடரின் அளவைக் கூட்டினோம். புது பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். 1 லட்சம் லிட்டருக்கு 250 கிராம் போட்டால் லிட்டருக்கு 0.8 மி.கி. கிடைக்கும். மழைக்காலத்தில் மூட்டை ஈரம் வாங்கினால் பவுடரின் வீரியம் இறங்கிவிடும், ஆகவே மூட்டையையும் மாற்றினோம். தொட்டிக்கு அருகில் இருந்த தெருக்காரர்கள் இப்போது மருந்து வாடை தாங்கவில்லை என்றார்கள். கிழக்குத் தெருக்களில் நாற்றம் அப்படியே இருந்தது.

அப்புறம் தோண்டினோம். பழைய தெரு. குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் இடையே பக்கவாட்டில் 3 மீட்டர், குறுக்கே கடக்கும் இடத்தில் குடிநீர்க் குழாய் அரை மீட்டராவது மேலே என்பது விதி. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்த 3 மீட்டருக்கு எங்கே போவது? தெருவின் மொத்த அகலத்தில் மழைநீர் வடிகால், சாக்கடை, குடிநீர், கேபிள் எல்லாம் அடங்க வேண்டும். மெயின் குழாய் நன்றாகத்தான் இருந்தது. வீட்டு இணைப்புகள்தான் மோசம். மெயினிலிருந்து ஃபெரூல் என்ற இணைப்புத் திருகு வழியாக எடுத்து வீட்டுக்குப் போகும் அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், களிமண்ணில் கிடந்து துருவேறி, கையில் எடுத்தால் பொருக்கு உதிர்ந்தது. சில வீடுகளுக்கு அது வடிகாலுக்குள்ளேயே புகுந்து போனது. கண்ணில் பட்டதை எல்லாம் ஃபிட்டர்கள் மாற்றினார்கள். புகார் நின்றது. எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். மழையும் அந்த வாரம் ஓய்ந்திருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த மழையில் நாற்றம் திரும்பி வந்தது.

வழி காட்டியது தெருவில் இருந்த ஒரு பெரியம்மா. தண்ணீர் விடும் நேரத்தில் அவர் வாசலில் நின்று மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம். "தம்பி, முதல் அஞ்சு குடத்தை வாசல்ல கொட்டிட்டுத்தான் பிடிக்கிறோம். அப்புறம் வர்றது நல்லாத்தான் இருக்கு. அதுவும் எல்லா நாளும் இப்படி இல்ல. முக்குல மேன்ஹோல் ராத்திரி பொங்கிச்சுன்னா மறுதரம் விடுற தண்ணி வாடை அடிக்கும்" என்றார். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டேன். "காலைல வாசல் தெளிக்கிறவளுக்குத் தெரியாதா தம்பி?" என்றார்.

அன்று எடுத்த மாதிரியும் அதையேதான் சொன்னது. குளோரினை நிறம் பார்த்து அளக்கும் குளோராஸ்கோப்பின் சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றி ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் உடனே மஞ்சளாகும். குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. எஞ்சிய குளோரினாவது இருக்க வேண்டும் என்கிறது. தொட்டிக்கு அடியில் எடுத்த தண்ணீர் சொட்டு விழுந்ததுமே மஞ்சளானது. பெரியம்மா வீட்டு முதல் குடத்துத் தண்ணீர் வெள்ளையாகவே நின்றது. அதை எல்லோரும் 'குளோரின் இல்லை' என்று எழுதி ஊற்றிவிடுவார்கள். எங்களோடு வந்த சுகாதார ஆய்வாளர் ஊற்றவில்லை. சோதனைக் குழாயைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்தார். வந்து பார்த்தபோது மெல்லிய மஞ்சள் ஏறியிருந்தது. மெதுவாக ஏறும் மஞ்சள் என்றால் குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். கொள்ளிடத்து மணல் கிணற்றிலிருந்து வருகிற இந்தத் தண்ணீரில் அவ்வளவு அம்மோனியா இருந்ததில்லை. சாக்கடையில் இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் கிருமி முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். இது அங்கேயே, திண்ணையிலேயே தெரிந்தது. களத்தில் வேலை செய்கிறவர்கள் அந்தச் சோதனைக் குழாயை உடனே ஊற்றாமல் கால் மணி நேரம் வைத்திருந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தொட்டியில் மருந்தைக் கூட்டி ஏன் பயனில்லை என்பதும் இதில் விளங்கிவிட்டது. குளோரின் கிருமியைக் கொல்ல அரை மணி நேரமாவது வேண்டும். கழிவுநீர் கடைசிச் சில மீட்டரில் உள்ளே வருகிறது. அங்கிருந்து குடத்துக்கு வரச் சில நிமிடங்கள்தான்.

சரி, உள்ளே எப்படி வருகிறது? அழுத்தம் உள்ள குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே போகும், உள்ளே வராது. அன்று மதியம் வால்வு மூடிய பிறகு வால்வு ஆபரேட்டர் என்னை அதே தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பணியில் என்னைவிட மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். ஒரு வீட்டுக் குழாயைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் வரவில்லை. "இப்ப உள்ளங்கைய குழாய் வாய்ல வைங்க சார்" என்றார். வைத்தேன். குழாய் கையை இழுத்துப் பிடித்தது. எடுத்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. தெருவின் கடைசியில் யாரோ மோட்டார் போட்டு மிச்சத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். இளநீரில் ஸ்ட்ரா போட்டு இழுப்பது போலத்தான்: ஒரு முனையில் இழுத்தால் ஓட்டை உள்ள இடத்தில் எல்லாம் வெளியில் இருப்பது உள்ளே வரும். குழாயைச் சுற்றி ஈர மண் மட்டும் இருந்தால் கலங்கல் வரும். முந்தைய இரவு மேன்ஹோல் பொங்கி, அந்தப் பள்ளம் முழுக்கக் கழிவுநீர் ஊறி நின்றால் அதுவும் வரும். மோட்டார் நின்ற பிறகும், காலிக் குழாய்க்குள் ஓட்டை வழியே தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை வால்வு திறந்ததும் அதுதான் முதல் குடம்.

இனிப் பார்க்க வேண்டியது நோட்டுகளைத்தான். பம்பிங் ஸ்டேஷன் நோட்டையும் வால்வு நோட்டையும் புகார்ப் பதிவேட்டையும் ஒரே மேசையில் திறந்து வைத்து, தேதி தேதியாகப் படித்தோம். பம்ப் ட்ரிப் ஆகி, அதாவது தானாக நின்றுபோன, ஒவ்வொரு முறைக்கும் புகார் இல்லை. பம்ப் நின்று, உடனே எடுத்து ஓட்டிய இரவுகளில் ஒன்றுமில்லை. நள்ளிரவுக்கு மேல் நின்று விடியும்வரை ஓடாத இரவுகளுக்கு அடுத்த தண்ணீர் முறையில் தவறாமல் புகார் இருந்தது. பெரியம்மா சொன்னதுதான்.

பம்ப் ஏன் விடியும்வரை நின்றது? துணி. நாப்கின், பழைய சேலைக் கிழிசல், கோணிச் சாக்கு, இவை பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரில் சுற்றிக்கொண்டால் மோட்டார் ஓவர்லோடாகி ட்ரிப் ஆகும். மாற்று பம்ப் பழுதுபார்க்கப் போயிருந்தது. இரவு ஷிப்டில் ஒரே ஒருவர். பம்பைச் சங்கிலி போட்டுத் தூக்க அவரால் தனியாக முடியாது. காலையில் ஃபிட்டர் வரும்வரை காத்திருந்தார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாகக் கிணற்றுப் பக்கம் போகாமல் இருந்ததே சரி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மேன்ஹோல் பொங்கும்போது தெருவில் கூட்டம் சேரும், சத்தம் வரும், "ஒரு ஆளை இறக்கிக் குத்திவிடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். கழிவுநீரில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றமே தெரியாது, அடுத்த மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தொகை எவ்வளவானாலும் ஆள் திரும்பி வரமாட்டார். கும்பகோணத்தில் 2018-லேயே மேன்ஹோல் சுத்தம் செய்ய ரோபோ வந்துவிட்டது. ரோபோ இல்லாத ஊரிலும், தண்ணீரைப் பீச்சி அடைப்பை எடுக்கும் ஜெட்ராடிங் வண்டியும் உறிஞ்சும் வண்டியும் உண்டு. அன்று வண்டி பக்கத்து ஊரிலிருந்து வர நேரமானது. தெருக்காரர்கள் திட்டினார்கள். காத்திருந்தோம்.

மாற்றியவற்றுக்கு வருகிறேன். பெரிய செலவில்லாமல் உடனே செய்தது நேரங்களை இணைத்ததுதான். தண்ணீர் விடும் நாளுக்கு முந்தைய இரவு கழிவுநீர்க் கிணற்றின் மட்டத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் ஷிப்ட் மாற வேண்டும். பம்ப் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஸ்டேஷனிலிருந்து வால்வு ஆபரேட்டருக்கு நேரடியாகப் போன். பொறியாளர் வழியாகச் சுற்றி வரக்கூடாது. அப்படிப் போன் வந்த மறுமுறை, கிழக்குத் தெருக்களுக்கு வால்வு திறக்கும்முன் தெருக்கடைசியில் குழாயைக் கழுவி வெளியேற்ற வைத்திருக்கும் ஸ்கவர் வால்வைத் திறந்து முதல் தண்ணீரை வடிகாலில் விட்டுவிட வேண்டும். அங்கேயே குளோராஸ்கோப் வைத்து, மஞ்சள் உடனே ஏறிய பிறகுதான் ஸ்கவரை மூட வேண்டும்.

இன்னொன்றுக்குத்தான் சண்டை போட வேண்டியிருந்தது. தண்ணீர் நேரம் முடிந்ததும் அந்தப் பகுதியின் வால்வை முழுக்க மூடாமல் இரண்டு சுற்று திறந்தே வைப்பது. குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்கும். ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், உள்ளே வராது. தொட்டி ஆபரேட்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வீணாகும், மேட்டுத் தெருவுக்குக் குறையும் என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், குறைந்தது. ஆனால் மழைக்காலத்தில் கொள்ளிடத்துக் கிணறுகளில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை; பம்ப் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஈடுகட்டலாம், மின்கட்டணம் ஏறும். அந்தக் கட்டணத்தைக் கட்டலாம் என்பது என் கட்சி. கோடையில் கிணறு இறங்கும்போது இந்த இரண்டு சுற்றைக் கொடுக்க முடியாது. நல்லவேளையாக அப்போது நிலத்தடி நீரும் இறங்கியிருக்கும், மேன்ஹோலும் பொங்குவது அரிது.

மோட்டார் போட்டு உறிஞ்சுவதைத் தடுக்க முயன்றோம். சில மோட்டார்களைப் பறிமுதல் செய்தார்கள். நான் இதில் அதிக நம்பிக்கை வைப்பதில்லை. குழாயில் தண்ணீர் தானாக ஏறினால் யாரும் மோட்டார் வாங்கமாட்டார்கள். மொட்டை மாடிக் குழாய்களைத் துண்டிப்பதில் பலன் தெரிந்தது. ஆனால் அதற்கு வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். நோட்டீஸ் ஒட்டினால் நடக்காது. மழைநீரை வடிகாலுக்குத் திருப்பிவிட்டால் உங்கள் வாசலில் மேன்ஹோல் பொங்காது என்று, பொங்கிய மேன்ஹோலுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னபோது கேட்டார்கள்.

ஜெனரேட்டர் விஷயம் இன்னும் முடியவில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிநீர்த் தொட்டிகளை ஏற்ற எல்லோரும் ஜெனரேட்டர் தேடி ஓடினோம். கழிவுநீர் ஸ்டேஷனுக்கு ஜெனரேட்டர் கேட்டால், குடிநீருக்கே இல்லை என்ற பதில்தான் வரும். இந்த ஆய்வைப் படிக்கிறவர்கள் அந்தப் பதிலை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தொட்டியை ஏற்றி வால்வைத் திறக்கும் ஊரில் கழிவுநீர் பம்ப் நின்றிருந்தால், நாம் குடத்துக்கு அனுப்புவது எதை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மதிப்பீட்டில் கேட்பதுதான் வழி.

அந்தப் பருவத்தின் மீதியில் பம்ப் மறுபடி நின்றது, மேன்ஹோலும் பொங்கியது. போன் வந்தது, ஸ்கவர் திறந்தார்கள், கிழக்குத் தெருக்களில் நாற்றப் புகார் வரவில்லை. சுகாதார ஆய்வாளர் பெரியம்மா வீட்டில் எடுத்த மாதிரிகளில் மஞ்சள் உடனே ஏறியது.

மிச்சம் இருப்பது துருப்பிடித்த ஜி.ஐ. இணைப்புகள். மெயினிலிருந்து வீட்டுக்குள் வரை துருப்பிடிக்காத ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயாக மாற்ற வேண்டும். வடிகாலுக்குள் போவதை மேலே தூக்கிப் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தோண்டினால் பள்ளத்தின் ஓரம் சரிந்து விழும், பலகை முட்டுக் கொடுத்தாலும் ஊற்று நிற்காது. மேட்டூர் ஜனவரி 28-ல் மூடி, வாய்க்கால் வறண்டு, மண் இறுகக் கொஞ்ச நாள் ஆகும். பங்குனியில் தேர் ஓடும்; அதற்குள் தேரோடும் வீதியில் ஒரு பள்ளம்கூட இருக்கக்கூடாது. நடுவில் கிடைப்பது மாசி மாதம்தான். குழாய், ஃபெரூல், ஃபிட்டர் எல்லாம் தை முடிவதற்குள் ஊரில் இருக்க வேண்டும். அதற்கான ஒப்பந்தப்புள்ளி கார்த்திகையிலேயே, தெருவில் தண்ணீர் நிற்கும்போதே, திறந்தாக வேண்டும். அந்தக் கோப்பைப் பொறியியல் பிரிவிலிருந்து நகர்த்திவிட்டோம். சுகாதாரப் பிரிவின் மாதிரிப் பதிவுகளையும் பம்பிங் ஸ்டேஷன் நோட்டின் நகலையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.